பழைய பிளாக்ஸ்பாட்டை என்ன செய்யலாம்: இருப்பதா, கிளம்புவதா, பிரித்து வைப்பதா?

தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்ததை ஒட்டி, அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் தமிழில் வலைப்பதிவு தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கூகுளின் பிளாகர் சேவை தரும் பிளாக்ஸ்பாட்டில்தான் குடியேறினோம். காசு கிடையாது, ஒரு மின்னஞ்சல் போதும், யூனிகோடில் தட்டினால் தெரிந்தது. அப்புறம் ஃபேஸ்புக் வந்தது. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. பதிவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள், வலைப்பூக்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன. இப்போது அவர்களில் சிலர் திரும்பி வந்து, பழையதை ஒழுங்குபடுத்தி உருப்படியாக ஒரு தளம் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். சில நூறு பதிவுகள், பாதிக்கு மேல் மொக்கை, ஒரு ஐம்பது அறுபது தேறும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் கேள்வி "எந்த டெம்ப்ளேட் நல்லா இருக்கும்?" என்பதுதான். வடிவமைப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. ஐந்து வருஷம் நீங்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டால் தளம் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி கிடையாது. நடப்பது அதுதான். வேலை மாறும், உடம்பு படுத்தும், பிள்ளைகள் படிப்பு வரும், எழுதும் ஆசையே போய்விடும். நான் தொடர்ந்து வாசித்த வலைப்பூக்களில் முதலில் காணாமல் போனவை, ஆர்வமாகச் சொந்த டொமைன் (தளத்துக்கான தனி முகவரிப் பெயர்) வாங்கி, தனி ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை இடம்) எடுத்து, அழகாக வடிவமைத்தவர்களுடையவை. ஒரு வருஷம் புதுப்பிக்க மறந்தார்கள். டொமைனை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்த முகவரியைத் தட்டினால் ரம்மி விளம்பரம் வருகிறது. சல்லிக்காசு செலவழிக்காதவரின் பிளாக்ஸ்பாட், கடைசிப் பதிவு 2011 என்று காட்டிக்கொண்டு, அனானிப் பின்னூட்டங்கள் உட்பட அப்படியே இருக்கிறது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிளாகரிலேயே இருப்பது

பிளாகர் 1999இல் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் தொடங்கியது. 2003இல் கூகுள் வாங்கியது. கூகுள் எத்தனையோ சேவைகளை மூடியிருக்கிறது: ரீடர், கூகுள் பிளஸ், பிகாசா. பிளாகரையும் மூடுவார்கள் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூடவில்லை. பெரிதாக வளர்க்கவும் இல்லை. 2020இல் எழுதும் பகுதியின் முகத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். இப்படிக் கிடப்பில் கிடப்பது பழைய பதிவருக்கு நல்லதும்கூட. தினம் ஒரு புது வசதி வந்து பழைய பக்கத்தை உடைப்பதில்லை.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்ற சோதனையில் இதற்கு நல்ல மதிப்பெண். பராமரிப்பு என்று எதுவும் செய்ய வேண்டாம், ஹேக் ஆகும் பயம் மிகக் குறைவு, பாதுகாப்பான இணைப்பும் இலவசம். ஒரே எச்சரிக்கை: இரண்டு ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாத கணக்குகளை நீக்கலாம் என்று 2023இல் கூகுள் தன் விதியை மாற்றியது. பழைய வலைப்பூவுக்கென்றே தனியாக ஒரு கணக்கு வைத்து, அதன் கடவுச்சொல்லையும் மறந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இப்போது பயன்படுத்தும் கணக்கையும் அந்த வலைப்பூவுக்கு நிர்வாகியாகச் சேர்த்துவிட வேண்டும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

குறைகள் உண்டு. பதிவுகளைத் தேதி வரிசையில்தான் அடுக்கும், பதிவில் நாம் ஒட்டும் லேபிளைத் தவிர வேறு பிரிப்பு கிடையாது. டெம்ப்ளேட் மொழி பிளாகருக்கு மட்டுமே உரியது, கற்றுக்கொண்டால் வேறெங்கும் உதவாது. ஒரு சொல்லை எல்லாப் பதிவிலும் ஒரேயடியாகத் தேடி மாற்ற வழியில்லை. கூகுளோ, புகார் கொடுக்கும் யாரோ நினைத்தால் வலைப்பூ முடங்கலாம், முறையிட ஆள் கிடைக்காது. இந்தக் கடைசிப் பயத்துக்கு மருந்து பேக்கப். பதிவும் பின்னூட்டமும் உள்ள பேக்கப் கோப்பில் படங்கள் வராது, அவற்றின் முகவரிகள் மட்டும்தான் இருக்கும். கூகுளில் இருக்கும் நம்முடையதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்கவுட் வழியாக எடுத்தால் படங்களும் கிடைக்கும்.

வேர்ட்பிரஸ்

தளம் நடத்த உதவும் மென்பொருள் இது. இதில் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் வேர்ட்பிரஸ்.காம் ஒன்று. அதே மென்பொருளை நாமே ஒரு ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்வது இன்னொன்று. உலகத்துத் தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் ஓடுவது இந்த மென்பொருளில்தான் என்பதால், எந்தச் சந்தேகத்துக்கும் விடை தேடினால் கிடைக்கும், தெரிந்த ஆளும் ஊருக்கு ஊர் கிடைப்பார்.

செய்ய முடியாதது என்று எதுவும் இல்லை. புத்தக மதிப்புரைக்கு ஒரு பகுதி, பயணத்துக்கு ஒரு பகுதி, தொடருக்கு ஒரு அமைப்பு, தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழி, எல்லாம் முடியும். கைபேசியிலிருந்து எழுதவும் வசதி. செல்லினம், ஜிபோர்ட் போன்ற விசைப்பலகைச் செயலிகளில் பேருந்தில் உட்கார்ந்து தட்டிப் பதிவேற்றுபவருக்கு இது பெரிய விஷயம். பிளாகரிலிருந்து பதிவுகளை இழுக்க ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) இருக்கிறது. ஒவ்வொரு பதிவின் பழைய முகவரியையும் அது தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும், பின்னால் உதவும்.

ஆனால் நம் அளவுகோலில் சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸ் கடைசி இடம்தான். அது பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் ஓடும் ஒரு நிரல், பின்னால் ஒரு தரவுத்தளம், மேலே தோற்றத்துக்கு ஒரு தீம், சுற்றிலும் பத்துப் பதினைந்து பிளகின். ஒவ்வொன்றும் தன் போக்கில் புதுப்பிப்புக் கேட்கும். யாரோ எழுதிய பிளகினில் ஓட்டை தெரிந்துவிட்டால், தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்க அந்த ஓட்டையைத் தேடி அலையும். உங்கள் தளத்தை ஒரு நாளைக்கு நாலு பேர்தான் வாசிக்கிறார்கள் என்பது அந்த நிரலுக்குத் தெரியாது. 2018 டிசம்பரில் வெளியான 5.0 பதிப்பில் எழுதும் பெட்டியே அடியோடு மாறியது. 2022 ஜனவரியில் 5.9 வந்தபோது தீம் செய்யும் முறையும் மாறத் தொடங்கியது. வாரம் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்ப்பவருக்கு இவை சிரமமே இல்லை. விட்டுப் போய்த் திரும்புகிறவருக்குத் தன் வீட்டுச் சாவியே பூட்டில் சேராத கதைதான்.

செலவையும் பார்க்க வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனங்கள் முதல் தவணைக்குச் சொல்லும் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது, புதுப்பிக்கும் விலை அதைவிடப் பல மடங்கு இருக்கும். விலைப் பட்டியலில் அது சின்ன எழுத்தில் எங்கேயாவது இருக்கும், தேடிப் படியுங்கள்.

வேர்ட்பிரஸ்.காம் இந்தத் தலைவலிகளை எடுத்துக்கொள்கிறது. இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் ஓடும், சொந்த டொமைன் இணைக்க முடியாது. காசு கட்டினால் இரண்டும் சரியாகும், கட்டுவதை நிறுத்தினால் பழைய நிலைக்குப் போகும், ஆனால் தளம் இருக்கும். 2023இல் 100 ஆண்டுத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார்கள், விலை 38,000 டாலர். கேலி செய்யத் தோன்றினாலும், "நான் இல்லாதபோது இதை யார் பார்த்துக்கொள்வது?" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து நேராக விலை போட்டவர்கள் அவர்கள்தான்.

ஸ்டாட்டிக் தளம்

கணினி வேலையில் இருப்பவர்கள் உடனே சொல்வது இதைத்தான். பதிவுகளை எளிய உரைக் கோப்புகளாக எழுதி வைப்பது, ஒரு நிரல் அவற்றை மொத்தமாக எச்.டி.எம்.எல். பக்கங்களாக மாற்றித் தருவது, அந்தக் கோப்புகளை அப்படியே எங்காவது ஏற்றிவிடுவது. இப்படி மாற்றித் தரும் நிரல்களில் ஜெகில் 2008இலும் ஹியூகோ 2013இலும் வந்தன, அதன் பிறகு இலெவன்ட்டி. ஏற்றி வைக்க கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை போன்றவை இலவசமாக இடம் தருகின்றன. கிட்ஹப் பேஜஸில் தளம் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்து மட்டும் என்றால் அது ஆயுளுக்கும் போதும், கேமராவிலிருந்து வந்த படங்களைச் சுருக்காமல் ஏற்றினால் ஒரு சுற்றுலாவோடு சரி.

உடைக்கத் தரவுத்தளம் இல்லை, ஓட்டை விழப் பிளகின் இல்லை. எழுதியது எல்லாம் உங்கள் கணினியில் ஒரு கோப்புறையில் இருக்கிறது, ஒரு பென் டிரைவில் போட்டு மகளிடம் கொடுக்கலாம். இடம் தரும் நிறுவனம் நாளை காசு கேட்டால் ஒரு மாலை நேரத்தில் வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தளமும் கிராமத்து இணைப்பில்கூடச் சட்டென்று திறக்கும்.

இதன் குறையைப் புகழ்பவர்கள் சொல்வதில்லை. கோப்புகள் சாகாது, ஆனால் கோப்புகளைப் பக்கமாக்கும் நிரலும் தீமும் பழசாகும். மூன்று வருஷம் கழித்து ஒரு சின்னப் பதிவு போடலாம் என்று உட்கார்ந்தால், நிரலின் புதுப் பதிப்பில் பழைய தீம் ஓடாது, சாயங்காலம் முழுக்கச் சிவப்பு எழுத்துப் பிழைச்செய்திகளோடு போகும். ஹியூகோ ஒற்றைக் கோப்பாக வருவதால் அந்தக் கோப்பையே தளத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்திவிட்டால் தப்பிக்கலாம். ரூபி, நோட் என்று துணை மென்பொருள்களின் பெரிய குடும்பத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும் மற்றவற்றில் இது சுலபமில்லை. மூன்றில் ஹியூகோ பக்கம் நான் சாய்வதற்கு வேகம் காரணமில்லை, இதுதான் காரணம்.

கைபேசியிலிருந்து எழுதுவது இதில் தண்டனை. பின்னூட்டம் வேண்டுமென்றால் வெளிச் சேவையை ஒட்ட வேண்டும். பழைய பின்னூட்டங்களைப் பேக்கப்பிலிருந்து எடுத்துப் பதிவின் அடியில் நிரந்தரமாகப் பதித்துவிடலாம். அதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். தமிழ் வலைப்பதிவில் பாதி விஷயம் பின்னூட்டத்தில்தான் நடந்தது. பதிவர் மூன்று பத்தி எழுதியிருப்பார், கீழே ஒரு பெரியவர் வந்து ஊர்ப்பெயரின் கதையை எழுதிவிட்டுப் போயிருப்பார்.

சப்ஸ்டாக், மீடியம் என்ற எழுத்துத் தளங்கள் இரண்டையும் பற்றிக் கேட்பார்கள். புதிதாக எழுதத் தொடங்குபவருக்கு, வாசகர் மின்னஞ்சலுக்கே போய்ச் சேர வேண்டும் என்பவருக்குச் சப்ஸ்டாக் நல்ல வழி. சந்தா வசூலித்தால் பத்து சதவீதம் அவர்களுக்கு. ஆனால் பழைய பதிவுகளை வகை பிரித்து அடுக்கி வைக்கும் இடம் அது இல்லை. மீடியத்தில் வாசகர் முன்னால் உள்நுழையச் சொல்லும் பலகை வந்து நிற்கிறது. ஃபேஸ்புக்கில் போட்டது போட்டதுதான், எழுதியவருக்கே ஒரு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

முகவரி

எந்த வீட்டுக்குப் போனாலும் பழைய முகவரிக்கு வந்த தபால் வந்து சேர வேண்டும் அல்லவா? பழைய வலைப்பூவைத் தூக்குவதில் உண்மையான சிக்கல் இங்கேதான், வடிவமைப்பில் இல்லை.

பிளாகர் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது ஆங்கில எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், தமிழ் எழுத்துகளைக் கழித்துவிடும். தலைப்பு முழுக்கத் தமிழ் என்றால் மிச்சம் எதுவும் இல்லை. அதனால்தான் தமிழ் வலைப்பூக்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளின் முகவரி ஆண்டு, மாதம், அப்புறம் பிளாக்-போஸ்ட், ஓர் எண் என்று ஒரே சாயலில் இருக்கிறது. பார்க்க அசிங்கம், என்ன பதிவு என்று ஊகிக்கவும் முடியாது. ஆனாலும் அதுதான் பதினைந்து வருஷமாக விக்கிப்பீடியா மேற்கோளிலும் அடுத்தவர் வலைப்பூவிலும் இருக்கும் முகவரி. அதை மாற்றினால் அத்தனை இணைப்பும் செத்துவிடும்.

சொந்த டொமைனுக்குப் போகும்போது பழைய பிளாக்ஸ்பாட் முகவரியைத் தட்டுபவரைப் புது இடத்துக்குத் திருப்ப வேண்டும். பிளாகருக்குள்ளேயே டொமைனை இணைத்தால் இது தானாக நடக்கும். வேறு இடத்துக்குப் போய்விட்டால் பிளாகர் நேராக அனுப்பாது. "இந்த வலைப்பதிவு இப்போது பிளாகரில் இல்லை, தொடரட்டுமா?" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டும். பாதிப் பேர் அங்கேயே பயந்து திரும்பிவிடுவார்கள். பிளாகரில் உள்ள முகவரி திருப்பும் வசதி அந்த வலைப்பூவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும், வெளியே அனுப்பாது. டெம்ப்ளேட்டில் சின்ன நிரல் எழுதித் திருப்புவார்கள், அது வாசகருக்கு வேலை செய்யும், தேடுபொறிக்கு அவ்வளவு தெளிவாகப் புரியாது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு, சொந்த டொமைன் வாங்கச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. டொமைனை இணைத்த பிறகு பிளாக்ஸ்பாட் முகவரி தனியாக இயங்காது, எல்லோரையும் டொமைனுக்குத் தள்ளிவிடும். டொமைன் காலாவதியானால் இரண்டு வழியும் அடைபடும். நீங்கள் இருந்தால் அமைப்பில் போய் டொமைனை நீக்கி மீட்டுவிடலாம். நீங்கள் இல்லையென்றால்? வருஷா வருஷம் ஆயிரம் ரூபாய் சுமாராகக் கட்டிக்கொண்டிருக்க இன்னொருவர் இருந்தால்தான் டொமைன் சொத்து. இல்லையென்றால், இலவச முகவரியைவிடச் சீக்கிரம் அழியும் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம்.

அதற்காக இலவச முகவரி சாசுவதம் என்று நினைத்துவிட வேண்டாம். 2012இல் கூகுள் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட்.காம் என்பதிலிருந்து பிளாக்ஸ்பாட்.இன் என்பதற்குத் திருப்பிவிடத் தொடங்கியது, 2018இல் நிறுத்தியது. 2020இல் அந்த பிளாக்ஸ்பாட்.இன் டொமைனே கூகுள் கையைவிட்டுப் போய்விட்டது. நடுவில் அந்த ஆறு வருஷம் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டிய இணைப்புகள் எல்லாம் இன்று வேலை செய்யாது. உங்கள் பழைய பதிவுகளில் நண்பர்களின் வலைப்பூவுக்குக் கொடுத்த இணைப்பு செத்திருந்தால் முதலில் முகவரியில் ".இன்" என்பதை ".காம்" என்று மாற்றிப் பாருங்கள். நிறைய உயிர் பெறும்.

வேர்ட்பிரஸில் தமிழிலேயே முகவரி வைக்கலாமே என்று தோன்றும். முகவரிப் பட்டையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். அதாவது ஒரு குறிக்கு ஒன்பது. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. "தமிழ்நாடு" என்ற ஒரு சொல்லே 81 எழுத்து ஆகிவிடும். வேர்ட்பிரஸ் இந்த இடத்துக்கு ஒதுக்கியிருப்பது 200, ஆகவே 22 குறிகளுக்கு மேல் போனால் தலைப்பு நடுச்சொல்லில் வெட்டுப்படும், சில சமயம் புள்ளியை இழந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மூன்று வரிக்குச் சதவீதக் குறிகள். புதுப் பதிவுகளுக்கு ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொண்ட முகவரியைக் கையால் கொடுப்பதே என் பழக்கம். பிளாகரிலும் அதற்கு வசதி இருக்கிறது, வெளியிடும் முன் வலப்பக்கம் போய் மாற்ற வேண்டும்.

உள்ளே எப்படி அடுக்குவது

வலைப்பூ தேதி வரிசையில் இருந்ததற்குக் காரணம், வாசகர் தினமும் வருவார் என்ற நம்பிக்கை. இன்று யாரும் முகப்புக்கு வருவதில்லை. கூகுளில் எதையோ தேடியோ, குழுவில் வந்த இணைப்பைத் தொட்டோ நேராக ஒரு பதிவின் நடுவில் வந்து இறங்குகிறார்கள். முகப்பை அலங்கரிக்கும் நேரத்தைப் பதிவின் கடைசி வரிக்குக் கீழே செலவழிக்கலாம். "இதைத் தொடர்ந்து இதைப் படியுங்கள்" என்று கையால் எழுதிய ஒரு வரி, நிரல் தானாகத் தேர்ந்தெடுக்கும் நாலு படத்தைவிட மேல்.

லேபிள்கள் எனக்கு உதவியதே இல்லை. அந்தந்த நாள் மனநிலையில் "அனுபவம்", "அனுபவங்கள்", "சொந்த அனுபவம்" என்று மூன்றாகக் குவித்திருப்போம். "பொது" என்ற லேபிளில் பாதி வலைப்பூ கிடக்கும். லேபிளைச் சுருக்கித் திருத்துவது ஒரு வழி. எனக்குப் பிடித்த வழி வேறு: அக்கறையுள்ள ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வாசல் பக்கம் எழுதுவது. உதாரணத்துக்கு ஏரி, குளங்கள் பற்றி எழுதியவை எல்லாம் ஒரு பக்கத்தில், எதை முதலில் படிக்க வேண்டும், எந்தப் பதிவில் சொன்னது பின்னால் மாறியது என்று ஓரிரு வரிக் குறிப்போடு. ஆறேழு வாசல் போதும். இதைப் பிளாகரிலும் செய்யலாம், வேர்ட்பிரஸிலும் செய்யலாம், எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். இடம் மாறும் உற்சாகத்தில் பலர் தள்ளிப்போடும் வேலையும் இதுதான்.

மொக்கைப் பதிவுகளை அழிக்கலாமா? அழிக்க வேண்டாம் என்று சொல்வேன், பட்டியலில் மட்டும் சேர்க்காமல் விடலாம். எது மொக்கை என்று எழுதியவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவுவது எப்படி என்று விளக்கிப் படத்தோடு போட்ட பதிவு அன்று ஹிட்ஸை அள்ளியது, இன்று யாருக்கும் வேண்டாம். 2008இலும் 2012இலும் மின்வெட்டைத் திட்டி, எந்த மணிக்குப் போய் எந்த மணிக்கு வந்தது என்று புலம்பிய நாலு வரி, அந்தக் காலத்தைப் பற்றி எழுத வருபவருக்குச் செய்தி. காலாவதியான தொழில்நுட்பப் பதிவின் தலையில் "இது 2009இல் எழுதியது, இன்று பொருந்தாது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

தேடும் பெட்டியை நம்பாதீர்கள். மரம் என்று தேடினால் மரத்தில், மரங்களை என்று வருவதை எல்லாப் பெட்டியும் பிடித்துத் தராது. வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லே உருமாறும் மொழியில், கையால் எழுதிய வாசல் பக்கமும் ஒரு அகரவரிசைப் பட்டியலும்தான் உண்மையில் வழிகாட்டும். பட்டியலைக் கணினியை விட்டு அடுக்கச் சொன்னால் ஒருமுறை சரிபாருங்கள். யூனிகோட் எண் வரிசையில் ன, ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும்.

தோற்றம்

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. சேர்ப்பதைவிட எடுப்பதே வேலை. பழைய டெம்ப்ளேட்டைத் திறந்தால் அதில் தமிழ்மணம் பட்டைக்கான நிரல், செத்துப்போன திரட்டிகளின் ஓட்டுப் பொத்தான், வருகை எண்ணி, நண்பர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்த விருதுப் படம், தேனீ எழுத்துருவை இழுக்கும் வரி எல்லாம் இருக்கும். யூனிகோட் தெரியாத கணினிகளில் தமிழைக் காட்ட உமர்தம்பி செய்துகொடுத்த அந்த எழுத்துரு அன்று பெரிய உபகாரம், இன்று எந்த உலாவிக்கும் அது தேவையில்லை. பதில் சொல்லாத பழைய முகவரிகளுக்காக உலாவி காத்திருப்பதால்தான் பல வலைப்பூக்கள் மெதுவாகத் திறக்கின்றன. அவற்றைக் கழற்றினாலே பாதி மறுவடிவமைப்பு முடிந்தது.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் மூன்றும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசம். நீளமாக வாசிக்க முதலாவது, கைபேசித் திரைக்கு இரண்டாவது, தலைப்புக்கு மூன்றாவது என்பது என் ருசி. வரி இடைவெளியை ஆங்கிலத் தளத்துக்கு வைப்பதைவிடத் தாராளமாக, எழுத்தளவைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு வையுங்கள், மேல்விலங்கும் கீழ்விலங்கும் மோதாது. இரண்டு பக்கமும் நேராக வெட்டும் அமைப்பு வேண்டாம். நம் சொற்கள் நீளம், கைபேசியில் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும், நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். சாய்வெழுத்தும் வேண்டாம், உலாவி நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும், கண்ணுக்கு நோவு.

யாருக்கு எது

ஓய்வுபெற்ற ஆசிரியர், கைபேசியில் எழுதுபவர், நுட்பத்தில் நாட்டம் இல்லாதவர் எனக்குத் தெரிந்தவராக இருந்தால், பிளாகரிலேயே இருங்கள், டொமைன் வாங்காதீர்கள் என்பேன். பட்டைகளைக் கழற்றி, வாசல் பக்கங்களை எழுதி, இரண்டாவது நிர்வாகியைச் சேர்த்தால் போதும். நாலைந்து பேர் சேர்ந்து எழுதும் இதழ் போன்ற தளம் என்றால் வேர்ட்பிரஸ், ஆனால் வாராவாரம் பார்த்துக்கொள்ள ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்ற பிறகு. கோப்புகளோடு புழங்கக் கூச்சம் இல்லாதவர்களுக்கு ஸ்டாட்டிக்.

நான் எடுத்த முடிவு பழையதையும் புதியதையும் பிரித்து வைப்பது. பழைய பிளாக்ஸ்பாட் கிளம்பவில்லை, டொமைனோடும் இணைக்கவில்லை. சுத்தம் செய்து, அதே முகவரிகளோடு, பின்னூட்டங்களோடு, காப்பகமாக அங்கேயே நிற்கும். புதிய டொமைனில் ஹியூகோவில் ஒரு சிறு தளம். அதில் வாசல் பக்கங்களும், தேறிய பதிவுகளைத் திருத்தி எழுதிய புது வடிவங்களும், இனி எழுதப் போவதும் மட்டும். திருத்திய பதிவுக்குப் பழைய இடத்தில் தலையில் ஒரு வரி: "இதன் புதிய வடிவம் இங்கே." திருத்தாதவற்றுக்கு வாசல் பக்கத்திலிருந்து நேராகப் பிளாக்ஸ்பாட்டுக்கு இணைப்பு. எச்சரிக்கைப் பக்கம், திருப்பும் நிரல், நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு மாற்றுப் பட்டியல் எதுவும் வேண்டாம். நாளைக்கு என் டொமைன் போனாலும் போவது திருத்திய வடிவங்கள்தான், மூலம் அங்கே இருக்கும்.

இதிலும் நட்டம் உண்டு. தேடுபொறி இரண்டு இடத்தையும் காட்டும், பல நாள் பழையதையே மேலே காட்டும். இரண்டு முகவரியை விசிட்டிங் கார்டில் போட முடியாது. திருத்துவது பதிவு பதிவாகத்தான் நடக்கும் என்பதால் தளம் ஒரே நாளில் பளிச்சென்று திறப்பு விழா காணாது. சகித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

வேலையின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் டேக்கவுட்டில் முழு பேக்கப், அதோடு தேறும் பதிவுகளின் முகவரிகளை இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமிக்கக் கொடுப்பது. அடுத்து நிர்வாகி, டெம்ப்ளேட் சுத்தம். பிறகு வாசல் பக்கங்களைச் சாதாரணக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது. எத்தனை வாசல், எந்தப் பதிவு எதற்குள் என்று தெரிந்த பிறகு டொமைன் வாங்கினால் போதும். பெயர் வைப்பதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.